நான்காம் ஜ்வரத்துக்குப் பிறகு

தொம்மலூர், பெங்களூர்
14.8.1994

சௌபாக்கியவதி வித்யாலட்சுமிக்கு,

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். தேவனஹள்ளி தாண்டியதும் பஸ்ஸின் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் சாலையோரம் நிற்க வேண்டியிருந்தது. ஊர் பஸ் வராததால் உன் கணவரின் மொபெட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து விஜயபுரா வரை வந்ததில் இடுப்பு இன்னும் நேராகவில்லை. வழியனுப்ப நீ வாசல் வரைகூட வரவில்லை என்பதைக் கவனித்தேன். வீடு இருந்த நிலையில் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

பத்து நாள் உன்னுடன் இருந்தேன். உன் விரல்களில் வெடிப்பு. தலைமுடியில் இலை நாற்றம். பி.காம். முதல் வகுப்பில் தேறிய பெண், காலை ஐந்து மணிக்குத் தலையில் மல்பெரி இலைக்கட்டு சுமக்கிறாய். அஷ்வினுக்கு ஒன்றேகால் வயது. அவன் பகல் முழுவதும் புளியமரத்துத் தூளியில் கிடக்கிறான். அவன் உடம்பில் கொசுக்கடித் தழும்புகளை ஒரு நாள் எண்ணினேன். நாற்பத்தொன்று.

பட்டுப்புழுக்கள் செத்துப்போனதற்கு வருத்தப்படுகிறேன். உன் மாமனாரிடமும் அதைச் சொல்லு. அவர் மரியாதை தெரிந்த மனிதர். நான் கூடத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

உனக்குத் தமிழில் எழுதுவது ஏன் என்று கேட்பாய். உன் கடிதங்கள் முதலில் உன் மாமனார் தினமும் உட்காரும் பால் சங்கத்துக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, அவர் சட்டைப் பையில் ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் உன் கைக்கு வருகின்றன என்பதை நேரில் பார்த்தேன். உன் கணவர் நாகேஷ் ஆங்கிலம் வாசிப்பார். தமிழ் ஏதோ பேசுவார், எழுத்து தெரியாது. அந்த ஊரில் தமிழ் எழுத்து தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஆகவே இனி தமிழிலேயே எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

புழுவும் இல்லை, வேலையும் இல்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் இங்கே வந்து இரு. உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் தாயார்,
சொர்ணம்


சிக்ககெரே, விஜயபுரா அஞ்சல்
20.8.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

வேலை இல்லை என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். புழு செத்தாலும் செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மும்முனை மின்சாரம் பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான் வருகிறது. அப்போது யாராவது மோட்டார் அருகில் இருக்க வேண்டும். மூங்கில் தட்டுகளையெல்லாம் கழுவி வெயிலில் காய வைத்தோம். புழு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பசு கன்று போட்டிருக்கிறது. அஷ்வின் நாலடி நடக்கிறான், விழுகிறான், எழுந்து கன்றிடம் போகிறான்.

உங்களுக்கு அந்த நாள் என்ன நடந்தது என்று முழுவதும் தெரியாது. நீங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பட்டுப்புழு நான்கு முறை தோல் உரிக்கும். இங்கே அதை ஜ்வரம் என்பார்கள். நான்காவது ஜ்வரம் முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று மாமனார் மூச்சு விடுவார். நம் புழுக்கள் நான்காம் ஜ்வரம் முடிந்து ஆறு நாள் தின்றிருந்தன. இலை போட்டால் முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் வரும். இன்னும் இரண்டு நாளில் உடம்பு மஞ்சளாகி நூல் விடத் தொடங்கியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை நான் இலையோடு போனேன். சத்தமே இல்லை. எல்லாம் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர். ஒன்பது மணிக்குள் விரல் நீளப் புழு பாதியாகச் சுருங்கிவிட்டது. நாகேஷும் மாமனாரும் தட்டுத் தட்டாகத் தூக்கிக் குழியில் கொட்டினார்கள். நாகேஷ் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பட்டு வளர்ச்சி அலுவலகத்திலிருந்து வந்தவர் இது நோய் இல்லை, விஷம் என்றார். நம் நிலத்தின் கிழக்குப் பக்கம் கோவிந்தப்பாவின் திராட்சைத் தோட்டம். அவர் மருந்து தெளிப்பார் என்பதால் அந்தப் பக்கத்து நான்கு வரிசையிலிருந்து இலை அறுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். இலை அறுப்பவள் சந்திரம்மா. பதினோரு வருடமாக அவளும் அவள் கணவனும் நிலத்து மூலையில் குடிசை போட்டு இருக்கிறார்கள். அந்த வரிசையைத் தொடவில்லை என்று தன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மாமனார் கேட்கவில்லை. மகாளய அமாவாசைக்குள் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் போன மறுநாள் நீங்களும் அஷ்வினும் படுத்த கட்டில் விரிப்பைத் துவைக்க எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, நம் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, தகரப் பம்பை எடுத்து நீங்கள் கட்டிலுக்கடியில் கொசு மருந்து அடிப்பீர்களே, அந்த வாசனை. நான் வளர்ந்த வாசனை.

அந்த அறைக்கும் புழு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் ஓடு வரை போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது.

விரிப்பை வெந்நீரில் மூன்று முறை அலசினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாரும் முகர்ந்து பார்க்கும் முன் துவைத்துவிட்டேன். அம்மா, பம்பைக் கொண்டு வந்திருந்தீர்களா?

வித்யா


தொம்மலூர்
28.8.1994

வித்யாலட்சுமிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை வாசலில் நின்றபடி. இரண்டாம் முறை கதவைச் சாத்திவிட்டு.

என் அறுபத்திரண்டு வயதில் என் பையில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்டவர் எவரும் இல்லை. உன் அப்பா முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தார். என் கைப்பையைத் திறந்ததில்லை. நீ கேட்கிறாய். அதுவும் ஒரு கூலிக்காரப் பெண்ணுக்காக.

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாய். நான் தடுக்கவில்லை, அட்சதை போட்டேன். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் நம் தெருவில் கல் விழுந்தபோது நாகேஷ் ஏழு நாள் நம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு நான் நன்றி சொல்லியாயிற்று. ஒரு முறை சொன்ன நன்றியை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நான் அங்கே வந்த அன்றே உன் மாமனார் கைகூப்பி, பூ வைத்துக்கொண்டு வராதீர்கள், பவுடர் போடாதீர்கள், ஊதுபத்தி ஏற்றாதீர்கள், புழுவுக்கு ஆகாது என்றார். சம்பந்தியம்மாளிடம் பேசும் பேச்சா இது? சரி என்றேன். பத்து நாள் முகத்துக்குப் பவுடர் இல்லாமல் ஒரு தோட்டக்காரி மாதிரி இருந்தேன்.

குழந்தையின் உடம்பில் நாற்பத்தொரு தழும்பு. உங்களில் ஒருவரும் எண்ணவில்லை. புழுவுக்கு நாலு வேளை இலை போடுகிறீர்கள், தட்டை மாற்றுகிறீர்கள், தூக்கம் கெட்டுக் காவல் இருக்கிறீர்கள். பிள்ளையைத் தூளியில் போட்டுவிடுகிறீர்கள்.

நீ கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லப்போவதில்லை. கேள்வியே தவறு.

சொர்ணம்


சிக்ககெரே
4.9.1994

அம்மாவுக்கு,

இல்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நம்ப ஆசையாகத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்கட்டில் பாத்திரம் துலக்கும்போது சந்திரம்மாவிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் இலை போட வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். நீங்கள் குழந்தையைக் கூடத்தில் விட்டுவிட்டு, மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கட்டிலுக்கடியில் அடித்துக்கொண்டிருந்தீர்களாம். அது என்ன மருந்து என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. காலையில் தெரிந்தது.

அன்றே ஏன் சொல்லவில்லை என்றேன். "நம்ம மாத்து, நம்ம பேச்சு, யாரு நம்ப்தாரே அக்கா? அவங்க பெரியவங்க. நான் சொன்னா, திருட்டுக் கழுதை விருந்தாளி மேல பழி போடுதுன்னு ஐயா இன்னும் ரெண்டு போட்டிருப்பார்" என்றாள்.

பிறகு குடிசைக்குப் போய் ஒரு புடவை எடுத்து வந்தாள். உங்கள் சாம்பல் நிற மைசூர் பட்டு. அப்பா வாங்கித் தந்தது. கிளம்பும் அன்று காலை அவள் கையில் திணித்துவிட்டுப் போனீர்களாம். கொடுக்கும்போது என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். அவள் அதை ஒரு முறையும் உடுத்தவில்லை. உடுத்தினால் திருடியது என்பார்கள் என்று பயம்.

நடந்ததை எழுதுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அமாவாசைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

வித்யா


தொம்மலூர்
11.9.1994

வித்யாவுக்கு,

எழுதுகிறேன்.

கான்வென்டில் என்னோடு படித்த கிறிஸ்தவப் பெண்கள் சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார்கள். நாங்கள் இந்துப் பெண்கள் வெளியே வராந்தாவில் காத்திருப்போம். என் சிநேகிதி அல்போன்சா அந்த மரப்பெட்டிக்குள் மண்டியிட்டு, வலைத் தடுப்பு வழியாகக் கிசுகிசுத்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் சிரித்துக்கொண்டு வருவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். கேட்கிறவர் முகம் தெரியாது, சொன்னது வெளியே போகாது. இந்தத் தமிழ் எழுத்து எனக்கு அந்த வலைத் தடுப்பு மாதிரி இருக்கிறது. அதனால்தான் கை ஓடுகிறது.

பம்பைக் கொண்டு வந்தேன். பெட்டியின் அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். உன் மாமனார் பூ, பவுடர், ஊதுபத்தி என்று சொன்னபோது, சகுனம் பார்ப்பது மாதிரி இதுவும் ஒரு மூடநம்பிக்கை என்று நினைத்தேன். படிக்காத மனிதர்கள் பழக்கத்தைக் காரணமாக்குகிறார்கள் என்று உள்ளுக்குள் சிரித்தேன். பூவும் பவுடரும் ஆகாதபோது பூச்சி மருந்து ஆகுமா என்று ஒரு சின்னப் பெண்கூட யோசித்திருப்பாள். நான் யோசிக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல்லாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் குழந்தையின் முதுகுதான். திங்கட்கிழமை ஆறு மணிக்கு அடித்தேன். நன்றாக அடித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

மறுநாள் காலை நீ கத்தியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அலுவலகத்து மனிதர் விஷம் என்றார். பிறகு முற்றத்தில் சந்திரம்மாவை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். உன் மாமனார் பேசிய கன்னடத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. எழுந்து நான்கு அடி வைத்தால் போதும். அவள் ஒரு முறை கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பிரித்தேன். அது முந்தின நாள் தாள்.

ஏன் எழவில்லை என்று பல நாள் கேட்டுக்கொண்டேன். அந்த ஊரில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிற ஒரு மனிதர் இருந்தார். உன் அப்பா போன பிறகு யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. பஸ்ஸில்கூட இடம் கொடுக்க மாட்டார்கள். அதை விட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணம் என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, இனி நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று ஓர் எண்ணம் வந்தது. மருந்து அடிக்கும்போது அது இல்லை. சத்தியமாக இல்லை. குழி வெட்டும்போது வந்தது. சந்தோஷமாகவே வந்தது.

புடவை கொடுத்தது தப்பு. அதை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இதை வாசித்துவிட்டு நீ செய்ய வேண்டியதை உன் அளவில் செய்துகொள். அந்தப் பெண் இருக்கட்டும் என்று உன் கணவரிடம் சொல்லு. நீ சொன்னால் கேட்பார்.

அம்மா


சிக்ககெரே
18.9.1994

அம்மாவுக்கு,

நான் பாதிரியார் இல்லை. கேட்டுவிட்டு உங்களைச் சிரித்துக்கொண்டு வெளியே அனுப்ப என்னால் ஆகாது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாமனாரையும் நாகேஷையும் உட்கார வைத்து, உங்கள் கடிதத்தை வரிவரியாகக் கன்னடத்தில் சொன்னேன். குழி வெட்டும்போது வந்த எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது எனக்கு எழுதியது.

மாமனார் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கடிதத்தை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல இதெல்லாம் எழுதியிருக்குன்னு எனக்கெப்படிம்மா தெரியும்? உனக்குத்தான் தெரியும்" என்றார். சந்திரம்மா மேல் உனக்கு இரக்கம், பிரசவத்தின்போது உன்னைப் பார்த்துக்கொண்டவள், சரி, அதற்காக உன் தாயைக் கொலைகாரி ஆக்காதே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

விஜயபுராவில் பழனிச்சாமியின் மளிகைக்கடை இருக்கிறது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், அவரை வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். வீட்டுப் பெண்ணுக்கு வந்த கடிதத்தைக் கடையில் வைத்து வாசிக்கவா என்று எழுந்து போய்விட்டார். நாகேஷ் தனியாக வந்து, நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன். "அப்படின்னா உங்க அம்மாவே இங்கிலீஷ்ல எனக்கு ஒரு வரி எழுதட்டும், வித்யா. நான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டறேன். அவர் தலை குனிஞ்சு கேட்பார்" என்றார்.

ஒரு வரி போதும். நான் மருந்து அடித்தேன், சந்திரம்மா மேல் தப்பு இல்லை. இவ்வளவுதான். நீங்கள் எழுதுகிற ஆங்கிலத்துக்கு இது ஒரு மூச்சு.

வித்யா


தொம்மலூர்
24.9.1994

வித்யாவுக்கு,

ஒரு மூச்சு என்கிறாய். நான்கு நாள் உட்கார்ந்தேன். ஏழு தாள் கிழித்தேன். என் ஆங்கிலத்தில் நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அதற்கான வாக்கியங்கள் எனக்குப் பழக்கமில்லை.

இன்று காலை உன் மாமனார் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நாகேஷ் வாசித்துக் காட்டட்டும். அந்தப் பெண் குடிசையை விட்டுப் போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

அஷ்வினுக்கு ஒரு கொசுவலை தனிப் பார்சலில் வரும். அதில் மருந்து எதுவும் இல்லை.

அம்மா


சிக்ககெரே
6.10.1994

அம்மாவுக்கு,

உங்கள் ஆங்கிலக் கடிதம் வந்தது. மூன்று பக்கம். அழகான கையெழுத்து. நாகேஷ் கூடத்தில் நின்றுகொண்டு வாசித்தார். மாமனார் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

தங்கள் இல்லத்தில் பெற்ற உபசாரத்தை மறக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நேர்ந்த நஷ்டம் உங்களையும் வாட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்படிப்பட்ட துரதிர்ஷ்டங்களில் யார் காரணம் என்று உறுதியாகச் சொல்வது யாருக்கும் எளிதல்ல, சில சமயம் நாம் எண்ணாத இடத்திலும் காரணம் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஏழை வேலைக்காரியை மன்னிப்பது பெரியவர்களுக்கு அழகு என்று முடித்திருந்தீர்கள். நாகேஷ் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

நான் தேடிய வரி எங்கும் இல்லை.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தா தொட்ட மனசு" என்றார். எவ்வளவு பெரிய மனசு. கடிதத்தைப் பால் சங்கத்துக்கு எடுத்துப்போய், செயலாளரை விட்டு வாசிக்க வைத்து எல்லோருக்கும் காட்டினார். ஆனால் சந்திரம்மா விஷயத்தில் அசையவில்லை. அவங்க மன்னிக்கலாம், அவங்க புழுவா செத்தது என்றார்.

திங்கட்கிழமை சந்திரம்மா குடிசைக் கூரையிலிருந்து தகரத்தைப் பிரிக்கத் தொடங்கினாள். அவள் கணவன் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வருவதாகப் பேசி முடித்துவிட்டான். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை ஒன்று அவளுக்கு உண்டு. அங்கே போனால் அதுவும் மண் சுமக்கும்.

நான் கூடத்துக்குப் போய், மருந்து அடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

கன்னடத்தில் சொன்னேன். அம்மா கொண்டு வந்த பம்பு, குழந்தையைக் கொசு கடித்தது, யோசிக்காமல் அடித்துவிட்டேன், பயந்து மறைத்தேன் என்றேன். எவ்வளவு சுலபமாக நம்பினார்கள் தெரியுமா? மாமனார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "பெத்த தாய் மேலயே பழி போட்டு, ஒரு காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு வாசிச்சியே. அவங்க உன்னைக் காட்டிக் கொடுக்காம அவ்வளவு கண்ணியமா எழுதியிருக்காங்க" என்றார். இப்போது உங்கள் ஆங்கிலக் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் அவருக்குப் பொருள் விளங்கிவிட்டது. எண்ணாத இடம் என்று நீங்கள் எழுதியது என்னைத்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

சந்திரம்மா இருக்கிறாள். தகரத்தை மறுபடி வேய்ந்தாகிவிட்டது. அடுத்த முட்டை வந்து புழு பொரித்திருக்கிறது. நான் புழு வீட்டுக்குள் போகக் கூடாது. இலை அறுக்கலாம், சுமக்கலாம், வாசலில் வைக்கலாம். மூன்று வருடம் என் கையால் வளர்த்திருக்கிறேன். எந்தத் தட்டில் எத்தனை இலை என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். நாகேஷுக்கு உண்மை தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று, "நிஜமா நீதானா?" என்று அவரும் கேட்டுவிட்டார். எதைச் சொன்னாலும் இனி அது பொய்யாகத்தான் இருக்கும். இலை அறுக்கப் போய்விட்டேன்.

நீங்கள் வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

வித்யா


தொம்மலூர்
23.10.1994

வித்யாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். சிவாஜிநகரில் காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வரவில்லை. நேராகப் பால் சங்கத்துக்குப் போனேன். காலைப் பால் அளந்துகொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். உன் மாமனார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

எனக்குத் தெரிந்த கன்னடம் காய்கறிக்காரனிடமும் வேலைக்காரியிடமும் பேசியது. மரியாதை வார்த்தைகள் அதில் இல்லை. அந்தக் கன்னடத்திலேயே சொன்னேன். மருந்து அடித்தது நான், பம்பு என்னுடையது, சந்திரம்மாவை நீங்கள் ஏசியபோது தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், வித்யா என்னைக் காப்பாற்றவும் அவளைக் காப்பாற்றவும் பொய் சொல்லியிருக்கிறாள். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பால் அளப்பவர் அளவைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

உன் மாமனார் முழுவதும் கேட்டார். பிறகு அந்த வரிசையைப் பார்த்து, "நோடிரப்பா. மகளுக்காகத் தாய் எப்படி வந்து நிக்கறாங்க பாருங்க" என்றார். என்னிடம், அம்மாவரே, உங்க மகளை நான் மன்னிச்சாச்சு, வீட்டை விட்டா அனுப்பினேன், நீங்க இப்படி இந்த வயசுல உங்க தலையில போட்டுக்க வேண்டாம் என்றார். இல்லை, இது உண்மை என்றேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். யாரோ ஒரு கிழவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

வரிசையில் சந்திரம்மா நின்றுகொண்டிருந்தாள். கையைக் காட்டி, அவளுக்குத் தெரியும், அவளைக் கேளுங்கள் என்றேன். உன் மாமனாரும் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு கேனைப் பார்த்தாள். "நங்கேன் கொத்து சாமி, நான் இலை அறுக்கறவ" என்றாள். எனக்கு என்ன தெரியும் என்று.

எனக்குக் கோபம் வரவில்லை. பிடுங்கிய தகரத்தை இப்போதுதான் திரும்ப வேய்ந்திருக்கிறாள். எனக்காக அவள் ஏன் மறுபடி அதைக் கழற்ற வேண்டும்?

நீ கன்னடத்தில் பொய் சொன்னதும் நம்பினார்கள். நான் உண்மையைச் சொன்னதும் என்னை அம்மன் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கன்னடத்தில் ஒரு வரி ஆகஸ்ட் மாதம் சொல்லியிருந்தால் போதும். நான்கு அடி நடந்திருந்தால் போதும். இனி நான் எத்தனை முறை வந்து சொன்னாலும் என் பெருமைதான் கூடும், உன் பெயர்தான் கெடும் என்பது அங்கே நிற்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அதனால் மறுபடி வர மாட்டேன்.

உன் மாமனார் பஸ் நிறுத்தம் வரை கூட வந்து, கண்டக்டரிடம் சொல்லி முன் இருக்கையில் உட்கார வைத்தார். பஸ் உங்கள் நிலத்தை ஒட்டித்தானே போகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ இலைக்கட்டைப் புழு வீட்டு வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். உள்ளேயிருந்து யாரோ கையை நீட்டிக் கட்டை இழுத்துக்கொண்டார்கள். கதவு சாத்தப்பட்டது. நீ போகாமல் அங்கேயே நின்றாய். ஏதோ சத்தத்துக்குக் காது கொடுப்பது மாதிரி.

"அம்மா, இதானே உங்க மகள் மனே? நிறுத்தவா?" என்று கண்டக்டர் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

அம்மா